மரக்காயமும் கறுப்புப் பூச்சும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பூஞ்சைகளுக்கு ஓய்வுகாலம் கிடையாது. குளிர்நாடுகளில் பனி இறங்கியதும் அவை மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். இங்கே ஆண்டு முழுவதும் சராசரி வெப்பம் 27, 28 பாகையை விட்டு விலகுவதில்லை. ஆண்டு மழை 2,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. பிற்பகல் இடிமழை ஓய்ந்த பிறகும் காற்றின் ஈரம் விடியும்வரை தங்கியிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் சாலையோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கிளையைக் காலையில் அறுத்தால், வெட்டுமுகத்தின் ஈரத்தில் மாலைக்குள் பூஞ்சை வித்துகள் வந்து ஒட்டிவிடும். இதை அறிந்தவருக்கு முதலில் தோன்றுவது காயத்தை மூடிவிட வேண்டும் என்பதுதான். தார், கறுப்புச் சாயம், மிச்சமிருக்கும் பெயின்ட், சாணம், செம்புக் கலவை என்று கைக்குக் கிடைத்ததைப் பூசுகிறோம். அக்கறையில் பிறந்த பழக்கம் அது. ஆனால் கட்டையை அழுகவைக்கும் பூஞ்சையிடமிருந்து மரத்தைப் பூச்சு காப்பதில்லை. வெட்டு எந்த இடத்தில் விழுந்தது, வெட்டிய கிளை எவ்வளவு பருமன் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் அந்த மரத்தின் விதியை முடிவு செய்கின்றன. இதற்கான சான்றுகளையும் இதற்கு எதிராகச் சொல்லத்தக்க நியாயங்களையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

பூசும் வழக்கம் மிகப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, மரத்தின் நோயுற்ற பகுதியை முதலில் கத்தியால் செதுக்கி எடுத்துவிட்டு, வாய்விளங்கம், நெய், சேறு மூன்றையும் குழைத்துப் பூசச் சொல்கிறது. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் தோட்டத் தலைவராக இருந்த வில்லியம் ஃபோர்சைத், சாணம், சுண்ணாம்பு, மரச்சாம்பல், மணல் சேர்ந்த ஒரு கலவையை 1791இல் வெளியிட்டார். போர்க்கப்பல் கட்ட ஓக் மரம் வேண்டியிருந்த காலம் அது. நாடாளுமன்றமே அவருக்குப் பரிசுப் பணம் வழங்கியது. அழுகிய கட்டையில்தான் பூஞ்சை தோன்றுகிறது என்று அப்போது பலர் நம்பினர். பூஞ்சை நுழைவதால்தான் கட்டை அழுகுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் ஹார்டிக் 1878இல் நிறுவினார். பூஞ்சை வெளியிலிருந்து வருகிறதென்றால் வாசலை அடைத்துவிட வேண்டியதுதானே? ஹார்டிக்கின் கண்டுபிடிப்பு பூச்சுக்கு ஓர் அறிவியல் நியாயத்தையே கொடுத்துவிட்டது. அதன் பிறகு ஏறத்தாழ நூறாண்டுகள் தாரும் மெழுகும் மரக்காயத்தின் மருந்தாகவே விற்கப்பட்டன.

இந்த நியாயத்தில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. பூசிய மரத்தை யாரும் நெடுக்காகப் பிளந்து பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் மேற்பரப்பை மட்டும். காயத்தின் ஓரத்தில் தழும்புத் திசு தடித்து உருண்டு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கொண்டார்கள். அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1950களின் இறுதியிலிருந்து மரங்களைச் செயின்சாவால் நெடுக்காகப் பிளந்து, காயத்துக்கு மேலும் கீழும் கட்டையின் நிறம் எங்கே மாறுகிறது, அழுகல் எங்கே நிற்கிறது என்று வரைந்துகொண்டே போனார். அவர் பிளந்த மரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். செம்மேப்பிள், அமெரிக்க எல்ம் ஆகிய இரு மரங்களில் பல வகைப் பூச்சுகளைப் பூசி, ஐந்தாண்டு கழித்துப் பிளந்து பார்த்த ஆய்வு 1977இல் வெளிவந்தது. பூசிய காயத்துக்கும் பூசாமல் விட்ட காயத்துக்கும் உள்ளே அழுகலில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பூச்சுகளால் தழும்பு சில வேளை வேகமாக வளர்ந்தது. உள்ளே பூஞ்சையும் தன் வேகத்தில் வளர்ந்தது. தண்டோடு ஒட்டச் சீவி வெட்டும் முறையும் இதே வகையில்தான் பலரை ஏமாற்றியிருந்தது. அப்படி வெட்டினால் காயம் பெரிதாகி, தழும்பும் இரு பக்கமும் திரண்டு வரும். அந்தத் திரட்சியை நலத்தின் அடையாளமாகக் கண்டவர்கள், அதற்குப் பின்னால் தண்டின் உட்கட்டை கறுத்துக்கொண்டிருந்ததைக் காணவில்லை.

பூச்சு ஏன் தோற்கிறது என்பதற்கான காரணம் வெட்டுமுகத்தை அருகில் வைத்துப் பார்த்தால் புரியும். அறுத்த மறுநாளிலிருந்தே கட்டை உலரத் தொடங்குகிறது. உலர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மயிரிழை வெடிப்புகள் ஓடும். மேலே உள்ள தார்ப்படலமும் வெயிலில் இளகி, மழையில் இறுகி, அந்த வெடிப்புகளோடு சேர்ந்தே கிழிகிறது. விளிம்பில் தழும்பு புடைத்து எழும்போது படலம் ஓரத்திலும் பிரிகிறது. பிரிந்த இடத்தில் மழைநீர் புகுந்தால் படலமே அதை உலரவிடாமல் பிடித்துவைக்கிறது. நுழைவதற்குப் பூஞ்சைக்கு இந்த மயிரிழை போதும். அதற்கு மேல், தூரிகையைத் தோய்ப்பதற்கு முன்பே சில வித்துகள் கட்டையின் குழாய்களுக்குள் இறங்கிவிட்டிருக்கும். அவற்றின் மேல்தான் ஈரமான கூரையைப் போடுகிறோம்.

அப்படியானால் வெட்டுப்பட்ட மரங்கள் எல்லாம் ஏன் அழுகிச் சாகவில்லை? மரத்துக்கென்று ஒரு தற்காப்பு உண்டு. அது நம் உடலின் வழியில் செயல்படுவதில்லை. செத்த செல்லை அகற்றி அங்கே புதியதை வைக்க மரத்தால் முடியாது. கெட்ட பகுதியைச் சுற்றி எல்லை கட்டி, அதை அங்கேயே அடைத்துவிட்டு, எல்லைக்கு வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடித்தளம் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் அந்த அறை மட்டும் மூழ்கும், கப்பல் மிதக்கும். மரம் செய்வது இதுதான். ஷைகோ இந்த எல்லைகளை நான்கு சுவர்களாக விளக்கினார். முதல் சுவர் மேலும் கீழும் ஓடும் குழாய்களைப் பிசினாலும் பிற பொருள்களாலும் அடைப்பது. இரண்டாவது, உள்நோக்கிப் பரவுவதைத் தடுப்பது. மூன்றாவது, பக்கவாட்டில் தடுப்பது. இந்த மூன்றும் காயம்படுவதற்கு முன்பே இருக்கும் கட்டையில் அமைபவை, ஓரளவுக்கே தாங்கும். நான்காவது சுவர்தான் வலியது. காயம்பட்ட பிறகு, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளர்திசுவான கேம்பியம் புதிதாக உண்டாக்கும் படலம் அது. காயத்தன்று இருந்த கட்டைக்கும் அதன் பிறகு வளரும் கட்டைக்கும் நடுவே அது நிற்கிறது. உட்கட்டை முழுவதும் அழுகிப் பொந்தானாலும் வெளிக்கட்டை பசுமையாக நிற்கும் பழைய மரங்கள் இந்தச் சுவரின் தயவில் வாழ்பவை.

கிளைக்கு மட்டும் இதைவிடச் சிறந்த ஓர் ஏற்பாடு முன்கூட்டியே இருக்கிறது. தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு கிளை தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். மேல்பக்கம் கவட்டையில் பட்டை மடிந்து ஒரு கறுத்த வரம்பாக இறங்கும். கீழ்ப்பக்கம் கிளையின் அடியில் ஒரு புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்பைக் கிளைக்கழுத்து எனலாம். பார்வைக்குக் கிளையின் பகுதி போலத் தெரிந்தாலும் அது தண்டின் திசு. அதன் உள்ளே, கிளை தானாகக் காய்ந்து உதிர்ந்தால் பூஞ்சை தண்டுக்குள் வராதபடி தடுக்கும் வேதிப்பொருள்கள் நிறைந்த ஒரு வலயம் இருக்கிறது. ரம்பம் கழுத்துக்கு வெளியே, வரம்பையும் தொடாமல் இறங்கினால் அந்த வலயம் முழுமையாக மிஞ்சும். கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு ஒட்டச் சீவினால், மரம் வைத்திருந்த காவலை நாமே வெட்டி எறிகிறோம். ஒரு முழம் நீளத்துக்குக் கட்டையை விட்டுவிட்டு வெட்டினாலும் கேடுதான். இலையில்லாத அந்தக் குச்சம் செத்துப்போகும், தழும்பு அதைத் தாண்டி மூட முடியாது, செத்த கட்டையைத் தின்று பெருத்த பூஞ்சை கழுத்தின் காவலை நாள்தோறும் முட்டிக்கொண்டே இருக்கும். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுப்பதும் கூடாது. முதலில் தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் சிறிது அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் விழும். பிறகு மிஞ்சிய குச்சத்தைக் கழுத்தின் விளிம்பில் எடுத்துவிடலாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாகவே எழும். இவையெல்லாம் மேப்பிளிலும் எல்மிலும் கண்ட முடிவுகள். ஆறு மாதம் குளிரில் உறங்கும் மரங்களின் கதையை வைத்து மலேசிய மரத்துக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது? நம் மரங்கள் பலவற்றில் தெளிவான ஆண்டு வளையம்கூட இல்லையே. இதற்கான விடை தொலைவில் இல்லை. கோலாலம்பூரின் விளிம்பில், கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவுகளிலேயே இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1982இல் ஈடுசெய் காட்டுத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இயற்கைக் காட்டு மரம் குறைந்துவருவதை ஈடுகட்ட, 15 ஆண்டுகளில் பலகை அறுக்கத் தக்க மரம் வளர்ப்பது நோக்கம். அதற்கு முதன்மையாகத் தேர்ந்தெடுத்த மரம் அக்கேசியா மாஞ்சியம். அசுர வேகத்தில் வளர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் மரங்களை அறுத்துப் பார்த்தபோது, வெளியே குறையே தெரியாத தண்டுகளின் நடுவில் உள்ளழுகல் இருந்தது. கெப்போங் ஆய்வாளர் லீ சூ சீ உள்ளிட்டோர் அழுகல் குழிகளைத் தொடர்ந்து தேடிப் போனபோது, அவற்றில் பல செத்த கிளைக் குச்சங்களிலும் கவாத்துக் காயங்களிலும் போய் முடிந்தன. பலகை மரத்துக்காக நட்ட அக்கேசியாவின் புது நடவு 1990களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டதற்கு இந்த உள்ளழுகல் பெரிய காரணம்.

அந்தத் தோல்வியிலிருந்து பிறந்த பாடம் குளிர்நாட்டுப் பாடத்தோடு பொருந்துகிறது, சில இடங்களில் அதைவிடக் கடுமையாகவும் இருக்கிறது. அக்கேசியா இளமையிலேயே பல தண்டுகளாகப் பிரிந்து தடித்த கிளைகளை விடுகிறது. அவை பருத்த பின் கழிக்கும்போதுதான் பூஞ்சைக்கு வாசல் அகலமாகத் திறக்கிறது. தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களில் பின்னர் நடந்த ஆய்வுகள், கிளை இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் பருமனை எட்டுமுன், உயிரோடு இருக்கும்போதே கழித்துவிடச் சொல்கின்றன. வெப்பநாட்டில் மரமும் ஓய்வின்றி வளர்வதால் சின்னக் காயம் சில மாதங்களில் மூடிவிடுகிறது. பூஞ்சையும் ஓய்வின்றி வளர்வதால் பெரிய காயம் பல ஆண்டுகளுக்கு அதற்கு விருந்தாகிறது. கணக்கும் இதையே சொல்கிறது. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெட்டின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் விட்டமென்றால் 314. விட்டம் நான்கு மடங்கானால் திறந்த கட்டை பதினாறு மடங்காகிறது. தழும்போ விளிம்பிலிருந்து மட்டுமே, நடுவை நோக்கி நகர முடியும். பருத்த கிளையின் நடுவில் வைரம் பாய்ந்திருந்தால் அங்கே எதிர்த்து நிற்க உயிருள்ள செல்லே இருக்காது. ஆண்டு வளையம் பற்றிய ஐயத்துக்கும் ஒரு விடை உண்டு. வளையம் தெளிவில்லாத மரத்தில் இரண்டாம் சுவரின் வலிமை வேறுபடலாம். நான்காம் சுவரைக் கட்டுவது கேம்பியம், அதற்கு வளையம் தேவையில்லை.

அடுத்த ஆட்சேபம் நம் மக்களின் உழைப்பிலிருந்தே எழுவது, ஆகவே கூடுதல் கவனத்துக்கு உரியது. கிள்ளானையும் சிலாங்கூரையும் சுற்றி இருந்த ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்கள் வெட்டுமுகத்தில் மருந்து பூசினார்களே, பூசியதால் மரம் பிழைத்ததே என்று கேட்கலாம். உண்மைதான். மழைக்காலத்தில் பால்மரத்தின் வெட்டுப்பட்டையை இரு நோய்கள் தாக்கின. ஃபைட்டோஃப்தோரா உண்டாக்கும் கறுப்புக்கோடு ஒன்று, செரட்டோசிஸ்டிஸ் உண்டாக்கும் பூசண அழுகல் மற்றொன்று. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இவற்றுக்கு மருந்து பூசும் முறைகளைத் தோட்டங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பூசண அழுகல் சீவும் கத்தி வழியாகவே மரத்திலிருந்து மரத்துக்குத் தொற்றியதால், கத்தியை மருந்துநீரில் தோய்த்துத் துடைக்கவும் சொன்னது. ஆனால் அந்தக் காயத்தின் தன்மையைப் பாருங்கள். சீவுபவர் கட்டையைத் தொடுவதே இல்லை. கத்தி பட்டைக்குள் இறங்கி, கேம்பியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு மிச்சம் வைத்து நின்றுவிடும். விடியுமுன் இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைப் பிசகாமல் காத்த கைகளின் திறமைக்கு இந்நாட்டின் வரலாறு இன்னும் உரிய மதிப்பைத் தரவில்லை. அங்கே எதிரி கட்டையை அழுகவைக்கும் பூஞ்சை அன்று. இளம்பட்டையைச் சில நாளில் தாக்கும் பூஞ்சை. மருந்தும் ஒருமுறை பூசிவிட்டு மறக்கப்படவில்லை. நோய்க்காலம் முழுவதும் திரும்பத் திரும்பப் பூசப்பட்டது. அறுத்த கிளையின் நிலை நேர்மாறு. அங்கே கட்டையே திறந்து கிடக்கிறது, ஆபத்து பல ஆண்டுகளுக்கு நீடிக்கிறது, பூச்சோ ஒரே ஒருநாள் வேலை.

தோட்டத் தொழில் உண்மையில் கற்பித்தது பூச்சின் பெருமையை அன்று, வெட்டின் ஒழுங்கை. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1890களில் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கும் முறையை வகுக்குமுன், அமேசான் காடுகளில் கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். கொத்து கேம்பியத்தைத் தாண்டிக் கட்டையில் இறங்கியது. அந்த இடத்தில் முடிச்சும் மேடுமாகப் பட்டை வளர்ந்து மறுபடி வெட்டத் தகாததாகியது. கேம்பியத்தைக் காத்துச் சீவிய பட்டை ஏழெட்டு ஆண்டுகளில் வழவழப்பாகத் திரும்பி வளர்ந்தது. ஒரே மரம், ஒரே பருவநிலை, ஒரே பூஞ்சைகள். கத்தி நின்ற இடம்தான் வேறு.

வீட்டுக் கொல்லையில் முருங்கைக் கிளை முறித்த இடத்தில் சாணம் வைப்பதையும், மாமரம் கழித்த பின் போர்டோ பசை தடவுவதையும் இதே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். முருங்கைப் போத்தின் தலையில் வைக்கும் சாணம் அது காயாமல் துளிர்க்க உதவும். செம்பு கலந்த பசை, இளம்பட்டையைக் காயவைக்கும் நுனிக்கருகல் போன்ற நோய்களைச் சில வாரங்களுக்குத் தடுக்கும். பழத்தோட்டத்தில் மெல்லிய கிளைகளை ஆண்டுதோறும் கழிப்பவருக்கு அது பயனுள்ள செலவே. அமெரிக்காவின் டெக்சஸில் ஓக் வாடல் நோய் பரவிய பகுதிகளில் வெட்டிய உடனே சாயம் பூசச் சொல்வதற்கும் இப்படி ஒரு தெளிவான காரணம் உண்டு: புதுக் காயத்தின் சாற்றை நாடி வரும் வண்டுகள் அந்நோயைக் கொண்டுவருகின்றன, முதல் சில நாள்களுக்கு வண்டை விலக்கினால் போதும். நம் சாலைகளின் அங்சானா மரத்துக்கும் ஃபுசேரியம் பூஞ்சையால் வரும் ஒரு வாடல் நோய் உண்டு. சிங்கப்பூரில் அதை ஆராய்ந்தவர்கள், மின்னல் தாக்கிய மரங்களைத் துளைக்கும் சிறு வண்டுகளோடு அந்நோய்க்குத் தொடர்பு கண்டார்கள். வண்டு துளைக்கும் இடம் தண்டின் பட்டை. கிளை அறுத்த முகத்தில் தார் பூசி அதைத் தடுக்க முடியாது. குறிப்பிட்ட எதிரி, குறுகிய காலம் என்ற இரண்டும் இருந்தால் பூச்சுக்கு இடம் உண்டு. நகரச் சாலையில் அந்த இரண்டும் சேர்ந்து வருவது அரிது.

மிகக் கனமான ஆட்சேபம் உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. 2024 மே 7 அன்று பிற்பகல் மழைக்காற்றில் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெருமரம் சாய்ந்தது. ஒருவர் உயிரிழந்தார், 17 வாகனங்கள் நசுங்கின, மோனோரயில் பாதையும் தடைபட்டது. அந்த மரம் விழுந்ததற்குக் கவாத்துக் காயம் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அத்தகைய துயரத்துக்குப் பிறகு, மரங்களின் தலையை மொத்தமாக வெட்டிக் குறைத்தால் என்ன என்ற குரல் எழுவது இயல்பு. மனித உயிரைக் காக்கத்தான் அதைக் கேட்கிறார்கள். அதனாலேயே விடையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தலையை மொட்டையடித்தால் மரம் அப்போதைக்கு உயரம் குறையும், காற்றை வாங்குவதும் குறையும். கூடவே 20, 30 சென்டிமீட்டர் அகலத்தில், கிளைக்கழுத்தே இல்லாத இடங்களில், பல காயங்கள் ஒரே நாளில் திறக்கும். இலையை இழந்த மரம் சேமிப்பைச் செலவழித்துக் கற்றை கற்றையாகத் துளிர்விடும். அந்தத் துளிர்கள் கட்டையின் ஆழத்தில் வேர்கொண்ட கிளைகள் அல்ல, பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டியவை. சில ஆண்டுகளில் அவை பழைய உயரத்தை எட்டும்போது, அவற்றைத் தாங்கும் அடிக்கட்டை அழுகிக்கொண்டிருக்கும். இன்றைய ஆபத்தைக் குறைக்கும் அதே வெட்டு, பின்னாளில் அதைவிடப் பெரிய ஆபத்தை அதே சாலையில் நிறுத்துகிறது. உண்மையாகவே நிலைகுலைந்த மரத்தை அகற்றிவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை நடுவது, மொட்டையடித்து நிறுத்துவதைவிட நேர்மையான பாதுகாப்பு. நகர கிராமத் திட்டமிடல் சட்டம் 172இன்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைச் சாய்க்க ஊராட்சித் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். நல்ல விதி. ஆனால் நிற்கும் மரத்தின் கழுத்தைச் சீவிய வெட்டையும் ஒழுங்கான வெட்டையும் சுற்றளவு பிரித்துக் காட்டாது.

ஆகவே உங்கள் தாமானிலோ கோயில் வளாகத்திலோ கிளை கழிக்கக் குத்தகையாளர் வரும்போது, என்ன மருந்து பூசப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டாம். எந்தக் கிளை, எவ்வளவு பருமன், கழுத்துக்கு வெளியே வெட்டுவீர்களா, மொட்டையடிக்காமல் வேலை முடியுமா என்று கேளுங்கள். மின்கம்பிக்கு அடியில் வானளாவும் மரத்தை நட்டுவிட்டு ஆண்டுதோறும் தலையை வெட்டாமல், அங்கே குட்டையாக வளரும் மரத்தை நடச் சொல்லுங்கள். பூச்சுக்கென்று ஒதுக்கும் பணம் இருந்தால், நட்டு மூன்று நான்கு ஆண்டான இளமரங்களின் கவாத்துக்கு அதைச் செலவிடுங்கள். விரல் பருமனில் வெட்டிய கிளைக்கு எந்த மருந்தும் தேவைப்படாது.